நீர்மட்டத்துக்கு மேலே ஒரு காடு

ஜூன் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "பெரியாறு எத்தனை அடி?" கூடலூர் டீக்கடையில் பேப்பரை விரிப்பவர் தலைப்புச் செய்திக்கு முன்னால் அந்த எண்ணைத்தான் தேடுவார். தண்ணீர் திறந்தால் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முதல் போகத்துக்கு நாற்று பாவுவார்கள். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அந்த எண்ணை நாம் உயிராக மதிப்பதில் தப்பே இல்லை. ஆனால் அணைக்குத் தண்ணீர் அனுப்புகிற காட்டைப் பற்றி நாம் பேசுவதே கிடையாது. அது கேரளாக்காரர் சமாச்சாரம், சுற்றுலாக்காரர் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. பெரியாறு தேசியப் பூங்காவுக்கும் நம் வயலுக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது.

மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்துக் கிழக்கே திருப்பத் திருவிதாங்கூரும் சென்னை மாகாண அரசும் 1886 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டன. 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர். பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அணை 1895-ல் முடிந்தது. பள்ளத்தாக்கு நிறைந்து சுமார் 26 சதுர கிலோமீட்டருக்கு ஏரி விரிந்தது. காட்டுக்குப் பாதுகாப்பு வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். 1934-ல் திருவிதாங்கூர் மகாராஜா ஏரியைச் சுற்றிய காட்டை நெல்லிக்காம்பட்டி சரணாலயம் ஆக்கினார். 1950-ல் அது பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978-ல் புலிகள் காப்பகம். 1982-ல் நடுக்காட்டில் 350 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. ஆக, மதுரைச் சீமையின் வயலுக்கென்று தேக்கிய தண்ணீரைச் சுற்றித்தான் அந்தப் பூங்காவே எழுந்திருக்கிறது.

தேக்கடியில் படகு ஏறியவர்கள் ஏரிக்குள் நிற்கும் மொட்டை மரங்களைப் பார்த்திருப்பார்கள். அணை நிறைந்தபோது முங்கிப்போன காட்டின் மிச்சம் அவை. 130 வருஷம் ஆகியும் பல கட்டைகள் விழவில்லை. கிளையெல்லாம் உதிர்ந்து, மேல்பட்டை போய், கன்னங்கரேலென்று நிற்கின்றன. ஒரு கட்டையின் உச்சியில் பாம்புத்தாரா சிறகை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கட்டையில் நீர்க்காகம். தண்ணீர் ஏறினால் நுனி மட்டும் தெரியும். வடிந்தால் தூர் வரை தெரியும். மாசி, பங்குனியில் நீர் இறங்கிய சேற்றில் இளம்புல் கிளம்பும். அதை மேய யானைகள் குட்டிகளோடு கரைக்கு வரும். கடமானும் காட்டுமாடும் வரும். அணை இறங்குவது நமக்குக் கவலை, அந்த உயிர்களுக்கோ கோடை மேய்ச்சல்.

ஏரியைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் மரத்திலும் ஓர் அதிசயம் உண்டு. பைன் காடு பார்க்க நம் ஊர்க்காரர்கள் கொடைக்கானலுக்கும் வாகமனுக்கும் போகிறார்கள். அவை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள். சருகு மெத்தையாகக் கிடக்கும் அந்தத் தோப்புகளில் நம் காட்டுச் செடிகள் பெரிதாகத் தலையெடுப்பதில்லை. ஊசியிலை மர இனத்தில் தென்னிந்தியக் காட்டுக்குச் சொந்தமானது ஒன்றே ஒன்று. நாகியா வாலிச்சியானா என்பது அதன் தாவரவியல் பெயர். பெரியாற்றுக் காட்டில் அது இன்னும் இருக்கிறது. இனத்தின் பெயர்தான் ஊசியிலை, இதன் இலை ஊசியாக இருக்காது. அகலமான, தடித்த இலை. நடு நரம்பே கிடையாது. முன்பின் தெரியாதவர் சாதாரணக் காட்டு மரம் என்று தாண்டிப் போய்விடுவார். பைன் மரத்தடியில் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு யாராவது இந்த மரத்தைக் காட்ட வேண்டும்.

தண்ணீரிலும் அப்படி ஓர் அதிசயம் உண்டு. லெப்பிடோபைகாப்சிஸ் டைபஸ் என்ற மீனை 1941-ல் சுந்தர ராஜ் என்பவர் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இமயமலை ஆறுகளில் வாழும் மீன்களின் சாயல் அதற்கு இருப்பதைக் கண்டு ஆய்வாளர்கள் வியந்தார்கள். பெரியாற்றின் மேல்பகுதி ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஏரிக்குள் பெருகிவிட்டதால் இந்த மண்ணின் மீன்களுக்கு இடம் சுருங்கி வருகிறது. அணை விவகாரத்தில் இரு மாநிலமும் எத்தனையோ குழு போட்டுவிட்டன. இந்த மீனுக்காகவும் ஒருமுறை சேர்ந்து உட்காரலாம்.

காட்டுக்கு மாநில எல்லை தெரியாது. சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் கடைசியில் பெரியாறு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் வந்தது. மே 27 அன்று கம்பம் தெருக்களிலேயே ஓடியது. ஊரே நடுங்கிய நாள் அது. மலையின் இந்தப் பக்கம் இருப்பது 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வரைபடத்தில் இரண்டு பெயர். யானைக்கு ஒரே காடு.

இந்தக் காட்டை அழித்தவர்களே காக்கவும் வந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சேதி. வயணா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்கும் தலைமறைவுமாக அலைந்தவர்களை 1990-களின் கடைசியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசியது. எந்த ஓடையில் எந்த விலங்கு இறங்கும், எந்தத் தடம் எங்கே போகும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? இன்று அவர்கள் பயணிகளுக்கு வழிகாட்டிகள், ரோந்துக் காவலர்கள். தமிழகப் பக்கத்திலிருந்து சந்தனம் வெட்டப் போனவர்களிலும் சிலர் அதே வழிக்கு வந்தார்கள். குமுளியைச் சுற்றியுள்ள பெண்கள் 2002-ல் 'வசந்த சேனை' என்று சேர்ந்தார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, சம்பளம் இல்லாமல், முறை வைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். நம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைக் காட்டுவதற்கு மாட்டுவண்டிப் பயணமும் அந்தக் காப்பகத்தின் சுற்றுலாத் திட்டத்தில் இருந்திருக்கிறது. அவர்கள் நம் வயலைக் காட்ட ஆள் கூட்டி வந்தார்கள். நாம் அவர்கள் காட்டைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாமா?

ஜனவரி 15 அன்று பென்னிகுவிக் பிறந்தநாளுக்கு நம் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம். லோயர்கேம்ப் மணிமண்டபத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை வேனில் கூட்டி வந்து, சிலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து குமுளி சில கிலோமீட்டர்தான். அந்த வேன் வழியில் உள்ள இரைச்சல் பாலத்தில் ஒரு நிமிஷம் நின்று, மலை ஏறி, தேக்கடி வரை போய் வரட்டும். அந்த ரோந்துப் பெண்களில் ஒருவரும், பழைய பட்டை உரிப்பாளர் ஒருவரும் பிள்ளைகளோடு அரைநாள் நடந்தால் போதும். ஆசிரியர்கள் இந்த வருஷமே இதற்கு வனத்துறைக்கு எழுதிக் கேட்கலாம்.