நாற்காலிக்குப் பின்னால் – 11: புனே சப்-ஜட்ஜ் வீடு

சென்ற வாரம் ராம்சாஸ்திரி பிரபுணேயைப் பார்த்தோம். 1773 ஆகஸ்ட் 30 அன்று சனிவார்வாடாவுக்குள் பேஷ்வா நாராயணராவ் கொல்லப்பட்டார். சித்தப்பா ரகுநாதராவின் பங்கை விசாரித்த ராம்சாஸ்திரி, உயிரைக் கொடுப்பதைத் தவிர இதற்குப் பிராயச்சித்தம் இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டுப் பதவியைத் துறந்து ஊரை விட்டே போனார். நீதிபதி என்றால் இப்படி எழுந்து போகத் தெரிந்தவர் என்பதுதான் புனேக்காரர்கள் மனத்தில் பதிந்த சித்திரம்.

அதே ஊருக்கு 1871-ல் வந்து சேர்ந்த இன்னொரு நீதிபதி, எதை விட்டும் எழுந்து போகாதவர். சந்தேகப்பட்ட அரசாங்கத்தை விட்டும், விலக்கி வைத்த சாதியை விட்டும், எதிர்த்து நின்ற சொந்த வீட்டை விட்டும் அவர் போகவில்லை. மகாதேவ கோவிந்த ரானடே. அப்படி உள்ளேயே இருந்ததற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதே இந்த வாரக் கதை.

இந்தியர் எட்டிய படி

ரானடே 1842 ஜனவரி 18 அன்று நாசிக் பக்கத்து நிபாடில் பிறந்தார். அப்பா கோல்ஹாப்பூர் சமஸ்தானத்தில் உத்தியோகம். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான மகன் 1866-ல் சட்டமும் முடித்தார். கொஞ்ச காலம் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பாடம் நடத்தினார், சமஸ்தானங்களில் வேலை பார்த்தார், பிறகு புனேயில் முதல் வகுப்பு சப்-ஜட்ஜ் ஆனார்.

அன்றைய நிலவரத்தில் மாவட்ட ஜட்ஜ் நாற்காலி பெரும்பாலும் ஐ.சி.எஸ். தேறிய வெள்ளைக்காரருக்கே. மாவட்டத்து சிவில் கோர்ட்டுகளில் இந்தியர் ஏறக்கூடிய உயர்ந்த படி முதல் வகுப்பு சப்-ஜட்ஜ். நம் ஊர்ச் சொல்லில், முன்சீப்புக்கு ஒரு படி மேலே. ரானடேவின் உத்தியோகத்தில் நெடுங்காலம் இந்த வட்டாரத்திலேயே கழிந்தது. 1893-ல், நீதிபதி தேலாங் இறந்த இடத்துக்குத்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை அழைத்தது.

உயர் நீதிமன்ற நீதிபதி என்றுதான் வரலாறு அவரைக் குறிப்பிடும். ஆனால் அவருடைய சட்ட வாழ்க்கையின் சாரம் கீழ்க் கோர்ட்டில் இருக்கிறது.

1875 மே மாதம், புனேக்கு அருகே சுபா என்ற ஊரில் குடியானவர்கள் திரண்டு லேவாதேவிக்காரர்களின் கடைகளில் புகுந்தார்கள். அவர்கள் தேடியது கடன் பத்திரங்களை, எடுத்துக் கொளுத்தினார்கள். தக்காண விவசாயிகள் கலகம் என்று பேர் வாங்கிய இந்த நெருப்பு அகமத்நகர் பக்கமும் பரவியது. கோபம் ஏன் பத்திரத்தின் மேல்? சிவில் கோர்ட்டுக்குப் பத்திரமும் கைநாட்டும் போதும். வாங்கியது எவ்வளவு, வட்டி எத்தனை முறை முதலாக மாறியது என்று எவரும் கேட்பதில்லை. பிரதிவாதி வாய்தாவுக்கு வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு, நிலம் ஏலம்.

அதற்கு மருந்தாக 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. புனே, சதாரா, சோலாப்பூர், அகமத்நகர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கானது. பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீதிபதி கடனின் கதையை முதலிலிருந்து தோண்ட வேண்டும்; நியாயமான வட்டி போட்டுக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்; தவணையில் கட்ட அனுமதிக்கலாம். கடனுக்காகக் குடியானவனைச் சிறையில் தள்ள முடியாது. இந்தச் சட்டம் ஊர்க் கோர்ட்டுகளில் ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வையிடும் வேலை ரானடேவுக்கு வந்தது. முதலில் உதவி நீதிபதி, பின்னாளில் தனி நீதிபதி. வருடத்தில் பல மாதம் வண்டிப் பயணம், கூடார வாசம், கணக்குப் புத்தகம்.

இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றி அவர் 1890-களில் பேசியதும் எழுதியதும் இந்த அலைச்சலில் விளைந்தவை. இங்கிலாந்துப் பாடப்புத்தகம் சொல்லும் விதிகள் இந்தியக் கிராமத்துக்கு அப்படியே பொருந்தா என்று 1892-ல் டெக்கான் கல்லூரியில் அவர் வாதிட்டபோது, அந்த வாதத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான கடன் கணக்குகள் கிடந்தன.

தபாலை உடைத்துப் படித்த சர்க்கார்

சர்க்கார் சம்பளக்காரர் அரசியல் மேடை ஏற முடியாது. ரானடே ஏறவும் இல்லை. 1870-ல் தொடங்கிய புனே சார்வஜனிக சபைக்குப் பின்னால் இருந்து யோசனை சொன்னார். 1878 முதல் அதன் காலாண்டிதழில் பல கட்டுரைகளைப் பெயர் போடாமல் எழுதினார்.

சர்க்காருக்கு இது தெரியாமலா இருக்கும்? 1878-ல் நாசிக்குக்கு மாற்றல். அடுத்த ஆண்டு வாசுதேவ் பல்வந்த் பட்கே ஆயுதக் கலகத்தில் இறங்கினார். மே மாதம் புனேயில் புத்வார் வாடா தீப்பற்றி எரிந்தது. ரானடேவை உடனே இன்னும் தொலைவான துலேவுக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே அவருக்கு வந்த கடிதங்கள் பிரிக்கப்பட்ட பிறகே கைக்குக் கிடைத்தன. பட்கே கூட்டத்தார் எழுதியதுபோல் கடிதங்களும் வந்தன. ஆழம் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்ட ரானடே, அவற்றை அப்படியே போலீஸுக்கு அனுப்பிவிட்டார். ராஜினாமா இல்லை, புகார் இல்லை. சந்தேகம் தானாக ஓய்ந்தது. 1881-ல் புனே திரும்பினார்.

கல்யாணம் என்ற தோல்வி

வெளியே இவ்வளவு நிதானம் காட்டியவருக்கு வீட்டுக்குள் ஒரு பெரிய தோல்வி இருந்தது.

முதல் மனைவி சகுபாய் 1873 அக்டோபரில் இறந்தார். ரானடே விதவை மறுமணத்தை ஆதரித்து வாதாடியவர். மகன் ஒரு விதவையை மணந்துவிடுவாரோ என்று அப்பாவுக்கு உதறல். அவசர அவசரமாகப் பெண் பார்த்தார். தேவராஷ்ட்ரே ஊர் குர்லேகர் வீட்டுப் பெண், வயது 11. ரானடேவுக்கு 31. மகன் மன்றாடிப் பார்த்தார், அவகாசம் கேட்டார். அப்பா அசையவில்லை. அந்த டிசம்பரிலேயே கல்யாணம் நடந்தது. சீர்திருத்தக்காரர்கள் கை கொட்டிச் சிரித்தார்கள், வைதிகர்களும் சிரித்தார்கள். இரண்டு தரப்புச் சிரிப்பும் நியாயமே. ஊருக்குச் சொன்னதை, தன் முறை வந்தபோது அவர் செய்யவில்லை. அப்பாவுக்கு அடங்கினார் என்பது காரணம்தான், சமாதானம் ஆகாது.

அந்தச் சிறுமி ரமாபாய் பிற்காலத்தில் எழுதி 1910-ல் வெளிவந்த மராத்தி நினைவு நூல் இல்லாவிட்டால், அந்த வீட்டின் கதவு நமக்குத் திறந்திருக்காது. கல்யாணத்தன்று ரானடே யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். பெண்ணின் அப்பா ஊர் திரும்பிய இரவு, மணப்பெண்ணை அழைத்து எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. அப்போதே சிலேட்டு எடுத்து மராத்தி அரிச்சுவடியைத் தொடங்கினார்.

படித்த பெண் தாலியறுப்பாள் என்று நம்பிய காலம். வீட்டில் சிற்றன்னை, அக்கா தங்கை, அத்தை என்று பெண்கள் பட்டாளம். பகலில் ஏச்சு, இரவில் பாடம். ரானடேவுக்கு எல்லாம் தெரியும். அவர் யாரையும் அதட்டவில்லை. எதிர்த்துப் பேசாதே, படிப்பையும் விடாதே என்று மனைவிக்கு மட்டும் சொன்னார். கோர்ட்டில் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர், வீட்டில் கடைசிவரை தீர்ப்பே சொல்லவில்லை. அந்த மௌனத்தைத் தாங்கியவர் ரமாபாய்.

மராத்திக்குப் பின் ஆங்கிலம். ஒரு வெள்ளைக்கார ஆசிரியை வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். கணவர் வழக்குச் சுற்றுப்பயணம் போனபோது இவரும் உடன் போனார், ஊர் ஊராகப் பெண்களைச் சந்தித்தார். 1880-களின் தொடக்கத்தில் அதே பெயர் கொண்ட சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய் புனே வந்து கூட்டம் நடத்தியபோது அதற்கும் போனார், வீடு கொதித்தது. பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று கவர்னர் பெர்கூசன் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பத்தைப் படித்தபோது கொதிப்பு உச்சத்துக்குப் போனது. 1884-ல் பள்ளி தொடங்கியது. ஹுஜூர்பாகா என்று புனே இன்றும் அழைக்கும் பள்ளி அதுதான்.

1886-ல் நிதிக் குழு வேலையாகக் கல்கத்தா போனார்கள். ரானடே வங்காளிப் பத்திரிகையை விரித்து, சவரம் செய்ய வந்தவரிடமே சொல்லுக்குப் பொருள் கேட்டுப் படித்தார். மனைவி கேலி செய்தார். தத்தாத்ரேயருக்கு 24 குருமார் இருக்கவில்லையா என்று கணவர் கேட்டார். இருவருக்கும் நடுவில் வளர்ந்திருந்த சகஜம் இந்த ஒரு சம்பவத்தில் தெரியும்.

ஒரு கோப்பைத் தேநீர்

1890-ல் புனே பஞ்ச் ஹௌத் மிஷனில் கிறிஸ்தவப் பாதிரிகள் கொடுத்த தேநீரை ஏற்றவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. ரானடே பெயரும் உண்டு, திலகர் பெயரும் உண்டு. விவகாரம் சங்கராச்சாரியார் வரை போனது. சாதி விலக்கால் நண்பர்கள் குடும்பங்களில் காரியங்கள் தடைபட்டன. அவர்களுக்காக 1892-ல் ரானடே பிராயச்சித்தம் செய்துகொண்டார். ரமாபாய்க்கு இது பிடிக்கவில்லை. கணவர் சொன்ன எதையும் மறுக்காத பெண் என்று அவரை நினைப்பவர்கள், நூலின் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். சிலேட்டில் தொடங்கியவர், 18 வருடத்தில் கணவரின் முடிவை எடைபோடும் இடத்துக்கு வந்திருந்தார்.

தமிழகத்துக்கும் இந்த வீட்டோடு தொடர்பு உண்டு. ரானடேவும் நம் திவான் பகதூர் ரகுநாத ராவும் முன்னின்ற இந்திய சமூக மாநாடு, 1887 டிசம்பரில் காங்கிரஸ் கூடிய அதே சமயம் சென்னையில்தான் முதலில் கூடியது. ரானடேவின் சீடர் கோகலே 1905-ல் புனேயில் அமைத்த இந்திய ஊழியர் சங்கத்துக்கு, அவருக்குப் பின் தலைவரானவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி.

ஓய்வு பெறாதவர்

ரானடே ஓய்வு பெறவே இல்லை. உடல் தளர்ந்து விடுப்பில் இருந்தவர், 1901 ஜனவரி 16 அன்று பம்பாயில் காலமானார். 59 நிறைய இரண்டு நாள் பாக்கி. குழந்தைகள் இல்லை.

ரமாபாய் புனேக்குத் திரும்பினார். எரவாடா சிறையின் பெண் கைதிகளைப் பார்க்கப் போகத் தொடங்கினார். 1909-ல் புனே சேவா சதனைத் தொடங்கினார். விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் அங்கே படித்தார்கள், ஆசிரியைகள் ஆனார்கள். செவிலியர் வேலையைக் குலப்பெண்கள் தீண்டாத காலத்தில், சஸ்ஸூன் மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். 1924-ல் இறக்கும்வரை பெண்களுக்குக் கட்டாயத் தொடக்கக் கல்வி, வாக்குரிமை என்று அவர் போராட்டம் ஓயவில்லை.

உள்ளே இருந்தபடியே மாற்றுவது என்ற ரானடேவின் வழி சரியா? சட்டத்தில் பலித்தது, அரசியலில் ஓரளவு பலித்தது. வீட்டில் பலித்ததற்குக் காரணம் அவருடைய பொறுமை மட்டுமல்ல. ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு படித்த ஒரு பெண்ணின் பிடிவாதம். அவர் உடைந்திருந்தால், அதே பொறுமையை இன்று நாம் கோழைத்தனம் என்றே எழுதியிருப்போம். ரானடேவின் பெருமையைப் பேசுகிற எவரும், அந்தக் கணக்கில் ரமாபாயின் பங்கை முதலில் வரவு வைக்க வேண்டும்.

அடுத்த வாரம் சென்னைக்கு வருகிறோம். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு எடுபிடியாகத் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான தி. முத்துசாமி ஐயர்.

(தொடரும்)