விரும்பினால் ஏற்கும் பொதுச் சட்டம்
ஐரோப்பிய இன்ஷூரன்ஸ் துறையில் ஒரு முயற்சி

துணி வியாபாரத்துக்கும் இன்ஷூரன்ஸ் வியாபாரத்துக்கும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. வேட்டி வாங்குபவர் அதன் நீளத்தையும் நூலின் தரத்தையும் கையால் தொட்டு அறியலாம். இன்ஷூரன்ஸிலோ விற்கப்படும் சரக்கு ஒரு வாக்குறுதியே. பாலிசியின் ஷரத்துக்களும், அவற்றை ஆளும் நாட்டுச் சட்டமுமே அச்சரக்கின் ஊடும் பாவும் ஆகும். ஆதலால் சட்டம் மாறினால் சரக்கே மாறிவிடுகிறது.

ஐரோப்பாவில், ஒரு நாட்டில் அனுமதி பெற்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி மற்ற அங்கத்தின நாடுகளிலும் தொழில் செய்ய 1992-ஆம் ஆண்டின் ஆணைகள் வழிசெய்தன. ஆயினும் ஒப்பந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறாகவே நின்றது.

உதாரணமாக, பாலிசி எடுப்பவர் முக்கியமான ஒரு விவரத்தைக் கவனக்குறைவால் தெரிவிக்கவில்லை என்று கொள்வோம். பிரிட்டனில் 1906-ஆம் ஆண்டின் கடல் இன்ஷூரன்ஸ் சட்டம் எடுத்துரைத்த விதிப்படி, கம்பெனி ஒப்பந்தம் முழுவதையும் தள்ளிவிடலாம். 2012, 2015-ஆம் ஆண்டுகளின் சட்டங்களே இக்கடுமையைத் தணித்தன. பிரான்சிலோ, வஞ்சக எண்ணம் இல்லாவிடில், நஷ்டத்துக்குப் பின் தவறு தெரியவந்தாலும், பிரீமிய விகிதப்படி ஈடு உண்டு. 150 செலுத்த வேண்டியவர் 100 மட்டும் செலுத்தியிருந்தால், 3,000 நஷ்டத்துக்கு 2,000 பெறுவார். தவறு ஒன்றே, ஓரிடத்தில் வெறுங்கை, மற்றோரிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு!

எல்லா நாட்டுச் சட்டங்களையும் இணக்கப்படுத்த 1979-இல் ஐரோப்பியக் கமிஷன் கொணர்ந்த யோசனை, நாடுகள் உடன்படாமையால் 1993-இல் கைவிடப்பட்டது. பின்னர் 1999-இல், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரப் பேராசிரியர் பிரிட்ஸ் ரைஹெர்ட்-பாஸிலிடெஸ் பல நாட்டு நிபுணர்களைக் கூட்டினார். 2003-இல் அவர் காலமானபின் ஹெல்முட் ஹைஸ் தலைமையில் பணி தொடர்ந்து, 'ஐரோப்பிய இன்ஷூரன்ஸ் ஒப்பந்தச் சட்டக் கோட்பாடுகள்' 2009-இல் நூலாக வெளிவந்தன.

இவை எந்நாட்டுச் சட்டத்தையும் அகற்றுவதில்லை. இரு தரப்பாரும் விரும்பினால் தங்கள் ஒப்பந்தத்துக்கு இவற்றை ஏற்கலாம். ஆனால் ஏற்பின் முழுவதும் ஏற்க வேண்டும். தனக்குச் சாதகமான விதியை வைத்துக்கொண்டு பாதகமானதை விலக்க இயலாது. நமது சங்கத்தில் சேர்வது விருப்பம். சேர்ந்தபின் துணை விதிகள் அனைத்தும் நம்மைக் கட்டுப்படுத்தும் அன்றோ? அதைப் போன்றதே இது.

இந்நிபந்தனைக்குத் தக்க காரணம் உண்டு. பாலிசியை அச்சிடுவது கம்பெனி. வாடிக்கையாளர் கையொப்பம் மட்டுமே இடுகிறார். பொறுக்கி எடுக்கும் உரிமை இருப்பின் அது பலமுள்ளவருக்கே பயன்படும். ஆதலால் விதிகளிலும் எளியவருக்குக் காப்பு வைத்துள்ளனர். கம்பெனி தெளிவாகக் கேட்ட கேள்விகளுக்கு உரிய விவரங்களைச் சொல்வதே வாடிக்கையாளர் கடமை. கவனக்குறைவால் விடுபட்ட விவரத்தினால் நஷ்டம் நேர்ந்தாலும், கூடுதல் பிரீமியத்துக்குக் கம்பெனி இசைந்திருக்குமாயின் விகிதப்படி ஈடு கொடுக்க வேண்டும்.

ஆயினும் வழியில் ஒரு தடை நிற்கிறது. சாதாரணப் பாலிசிகளுக்குக் குறிப்பிட்ட சில நாட்டுச் சட்டங்களுள் ஒன்றையே தேர்ந்தெடுக்கலாம் என்று 2008-ஆம் ஆண்டின் 'ரோம்' ஒழுங்குவிதி கூறுகிறது. எளியவரை அந்நியச் சட்டத்தில் சிக்காமல் காக்க எழுந்த வேலி இது. கோட்பாடுகளோ எந்த நாட்டின் சட்டமும் அல்ல. பாலிசியில் எழுதிக்கொண்டாலும் அவை வெறும் ஷரத்துக்களாகி, நாட்டுச் சட்டத்தின் கட்டாய விதிகளுக்கு அடங்கியே நிற்கும். எளியவரைக் காக்கும் வேலியே, அவரைக் காக்க எழுதிய பொதுச் சட்டத்துக்கும் குறுக்கே நிற்பது விந்தையே.

வேலியில் வாயில் அமைக்க இயலாதென்பதில்லை. 2003-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால், இரு நாடுகளைச் சேர்ந்த ஐவர் கூடியும் 'ஐரோப்பியக் கூட்டுறவுச் சங்கம்' நிறுவலாம் என்று ஆயிற்று. நாட்டுக் கூட்டுறவுச் சட்டங்களும் அதனுடன் நிலைத்திருக்கின்றன. விரும்பியவர் ஏற்க, ஏனையோர் தம் வழி நிற்க, இரண்டும் ஒருங்கே நடைபெறலாம். கூட்டுறவில் கண்ட இவ்வழியை இன்ஷூரன்ஸுக்கும் திறப்பது சட்டமியற்றுவோர் கையிலேயே உள்ளது.