ஹெரால்டு விட்டுச் சென்ற சொத்து

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்களுக்கு உட்புறமாக, சேஸிஸின் கீழ்மட்டத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு சிறு உதிரிபாகம் இருக்கிறது. செம்புக் கலப்பு உலோகத்தில் வார்த்துக் கடைந்த அந்தத் துண்டுக்கு டிரன்னியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை டிரன்னியனுக்குள் திருகி இறங்கி நிற்க, ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை அந்தச் செம்பு மரைக்குள்ளேயே சற்றுத் திரும்பிச் சற்று மீளும். வலப்பக்கத்து மரையும் இடப்பக்கத்து மரையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுபவை. ஆகையால் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது மறுபக்கத்துக்கு உதவாது. காரின் முன்பாரமும் சாலையின் அதிர்ச்சியும் வந்து இறங்குகிற இடமும் இதுவே. இது தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், வர்ணம் எவ்வளவு பளபளத்தாலும், அந்தக் காரைத் தெருவில் இறக்குவது விவேகமாகாது.

1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்பிட்ஃபயர் கார்கள் இங்கிலாந்தில் உற்பத்தியாயின. அவற்றுள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவை மிகச் சொற்பமே. அப்படிப்பட்ட ஒன்றை மதுரையில் அபிமானத்தோடு வைத்துக் காப்பாற்ற நினைக்கும் ஒருவர் டிரன்னியனுக்கு எங்கே போவார் என்று கேட்டால், முதலில் அவர் செல்ல வேண்டிய இடம் இங்கிலாந்து அல்ல என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் அந்தக் காரின் உடன்பிறப்பு ஒன்று நம்முடைய சென்னையிலேயே, பெருங்களத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலே பிறந்து, தென்பாண்டிச் சீமையின் சிற்றூர் வரைக்கும் வந்து உழைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவம் வகுத்துக் கொடுக்க, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1961-இல், ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் சென்னைக் கம்பெனி அதை இங்கே செய்யத் தொடங்கியது. மற்றக் கார்களெல்லாம் உடலும் எலும்பும் ஒன்றாய்ச் செய்யப்படும் நாகரிகத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்டு மட்டும் தனிச் சேஸிஸின்மேல் உடலை வைத்து முடுக்கிய பழைய முறையைக் கைவிடவில்லை. அந்தப் பழமையே அதற்குப் பேருதவியாயிற்று. அதே சேஸிஸைக் குறுக்கித் திருத்தி அதன்மேல் வேறோர் உடலை ஏற்றித்தான் ஸ்பிட்ஃபயரை உண்டாக்கினார்கள். முன்சக்கரத் தண்டு, டிரன்னியன், ஸ்டியரிங் ராக் ஆகியவை அந்தக் குடும்பத்தின் பொதுச் சொத்து. சென்னை ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினும் ஸ்பிட்ஃபயரின் 1147 சி.சி. எஞ்சினும் ஒரே வம்சத்தில் வந்தவை. இவ்வளவு ஏன், பந்தய உலகம் கொண்டாடும் லோட்டஸ் ஈலான் காருக்குக்கூட முன்சக்கரத் தாங்கு தண்டு இந்த ஹெரால்டு குடும்பத்திலிருந்துதான் போயிற்று. டாக்டரும் வக்கீலும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்த ஒரு சாதுவான காரின் கால், அப்படிப்பட்ட வேகமான ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் இருந்தது என்பதை நினைக்கும்போது உண்மையாகவே பெருமிதம் உண்டாகிறது.

ஹெரால்டை ஓட்டியவர்கள் இன்றும் மறக்காமல் சொல்வது அதன் திரும்பும் லாகவத்தைத்தான். இருபத்தைந்தே அடி வட்டத்துக்குள் முழுவதுமாகத் திரும்பிவிடும். மதுரை ஆவணி மூல வீதியின் நெருக்கடியில் இதைவிடப் பெரிய உபகாரம் ஒரு காருக்கு வேறென்ன இருக்க முடியும்? ஆனால் சக்கரம் அவ்வளவு ஒடிந்து திரும்புவதற்கு இடம் கொடுப்பது மேலே சொன்ன டிரன்னியன் மரைதான். உழைப்பு அதிகம், ஆகவே தேய்மானமும் அதிகம்.

இந்த இடத்தில் மதுரையின் பழைய மெக்கானிக்குகள் விடாமல் கடைப்பிடிக்கும் ஒரு நியமத்தைச் சொல்லியாக வேண்டும். டிரன்னியனுக்குள் விட வேண்டியது கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் எண்ணெய், தொண்ணூறாம் நம்பர். கிரீஸ் மரையின் அடிவரைக்கும் இறங்காமல் மேலேயே அடைத்துக்கொள்ளும். கீழே ஈரமும் புழுதியும் புகுந்து எஃகு மரையைத் துருவாக அரித்துவிடும். வெளியே அடையாளம் ஏதும் தெரியாது. பிறகு ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக் கார் மூக்கைத் தரையில் ஊன்றிவிடும். “அண்ணே, கிரீஸ் கன்னைக் கொண்டாந்து இதுல வச்சிராதீங்க, எண்ணெய் விட்டா நம்ம காலத்துக்கும் கிடக்கும்” என்று தலை நரைத்த மேஸ்திரி ஒருவர் ஜாக்கியின்மேல் நின்ற வண்டிக்கடியிலிருந்து சொன்னபோது, இங்கிலாந்தில் அச்சிட்ட கையேடு சொல்லும் அதே விஷயத்தை அவர் தம் குருவின் வாய்மொழியாகக் கற்று வைத்திருந்தார். இது புஸ்தகத்துக்கு எவ்விதத்திலும் குறைந்த ஞானமல்ல.

மதுரைக்கு இந்த ஞானம் தற்செயலாக வந்ததுமல்ல. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தம் பெயரால் ஸ்தாபனம் தொடங்கி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பஸ் நடத்தியதிலிருந்து இந்நகரில் மோட்டார்த் தொழில் வேர்விட்டது. மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தாதபடி, பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் பூட்டிய வண்டியை அனுப்பிச் சாலையைச் சுத்தம் செய்தார்கள் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது கரிவாயு எந்திரம் செய்து வாகனங்களை ஓட வைத்ததும் அந்த ஸ்தாபனமே. இல்லாததற்காகக் கைகட்டி நிற்காமல் இருப்பதைக்கொண்டு காரியத்தை நடத்துகிற அந்தப் பழக்கம் இன்றும் கே. புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளின் கடைசல் பட்டறைகளில் உயிரோடிருக்கிறது.

ஆனால் அந்தத் திறமையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதில் தெளிவு அவசியம். ரப்பர் புஷ் வேண்டுமா, தேய்ந்ததை மாதிரியாகக் கொடுத்து அச்சுக் கடைந்து வார்த்துக்கொள்ளலாம். ரப்பர்த் தொழிலில் மதுரை யாருக்கும் பின்தங்கிய ஊரல்ல. பிரேக் டிரம்மை லேத்தில் தீட்டலாம். கதவுக் கைப்பிடியை வார்க்கலாம். டிரன்னியனை மட்டும் கிடைத்த பித்தளைக் கம்பியில் கடைந்து, தோராயமாக மரையை வெட்டி மாட்டுவதை நான் ஒப்ப மாட்டேன். அதன் உலோகக் கலப்பும் மரையின் இடைவெளியும் கணக்கிட்டு நிர்ணயிக்கப்பட்டவை. அங்கே நேரும் பிழைக்கு விலை பணமல்ல, உயிர். அதை வாங்கத்தான் வேண்டும்.

வாங்குவதில்தான் ஹெரால்டின் பயன் முழுமையாகத் தெரிகிறது. வெளிநாட்டிலிருந்து பயன்படுத்திய பொருளைத் தருவிப்பது அரசாங்கத்தின் இறக்குமதி விதிகளுக்கு உட்பட்டது. ஆகவே அங்கே கழற்றிய அசல் உறுப்பைச் சுலபமாக வரவழைத்துவிட முடியாது. புதிதாகச் செய்தவை இங்கிலாந்தில் இன்றும் விற்பனைக்கு இருக்கின்றன. அங்கே கார்களும் ஏராளம், சங்கங்களும் பல. ஆனால் கூலியும் சுங்கமும் சேரும்போது சிறு உறுப்பின் விலையும் ஏறிவிடும். இங்கேயோ, சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகளில், பெட்டி பிரியாத ஹெரால்டு உறுப்பு அபூர்வமாகவேனும் தலைகாட்டக்கூடும். அதைவிட நம்பிக்கைக்குரியது மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி என்று எனக்குத் தோன்றுகிறது. கடற்காற்று படும் சென்னையில் இரும்பு சீக்கிரம் கரைந்துபோகிறது. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து வறண்ட காற்றிலோ, வீட்டுக் கொட்டகையில் வைக்கோல் போருக்கு அருகே பல வருஷம் நின்ற வண்டிகூட அடிப்பாகம் கெடாமல் கிடக்க வாய்ப்புண்டு.

எல்லாம் அப்படியே பொருந்திவிடும் என்று மயங்கிவிடவும் கூடாது. ஸ்பிட்ஃபயருக்கு முன்புறம் டிஸ்க் பிரேக். சென்னை ஹெரால்டுக்கு டிரம். ஆகவே ஹப்பும் அதைச் சேர்ந்தவையும் ஒப்பிட்டுப் பார்த்தே எடுக்கத்தக்கவை. பின்புறத்துக் குறுக்கு ஸ்பிரிங் பட்டைகளும் வேறு. இப்படி உடன்பிறப்புகள் பகிர்ந்துகொள்வது மற்றொரு குடும்பத்திலும் உண்டு: எம்.ஜி.ஏ. என்னும் அழகிய ஸ்போர்ட்ஸ் காரின் முதல் எஞ்சினும் நம் அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினும் 1489 சி.சி. கொண்ட ஒரே வடிவம். 2014 வரை அம்பாசடர் உற்பத்தியில் இருந்ததால், அந்த எஞ்சினின் குணாகுணங்களை அறிந்த கைகள் மதுரையில் இன்னும் ஓயவில்லை.

ஹெரால்டின் கைகளோ ஓய்ந்துகொண்டிருக்கின்றன. அதன் நான்கு கதவு உருவமாகிய கெஸல் எழுபதுகளிலேயே முடிந்தது. ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு 1988-இல் கம்பெனியின் கார் உற்பத்தியும் அடங்கிற்று. ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் ஊழியர்களின் ஜீவனத்தைப் பற்றிப் பேசுகிறோம், அது நியாயமே. வரைபடங்களும் வார்ப்பு அச்சுகளும் அளவுகோல்களும் என்ன ஆயின என்று கேட்பாரில்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகம் முழு வாகனங்களைக் காப்பாற்றி வைத்திருப்பது போற்றத்தக்கது. ஓர் உறுப்பை மறுபடி செய்வதற்கு வேண்டிய அளவுகளைக் காப்பாற்றும் இடமும் தமிழ்நாட்டில் ஒன்று வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

2021-இல் மத்திய அரசு வகுத்த விதி இந்த விஷயத்துக்குப் புதிய அவசரத்தை அளித்திருக்கிறது. முதற்பதிவு நடந்து ஐம்பது ஆண்டு கடந்த கார், சேஸிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் இன்றி அசல் நிலையில் இருந்தால், பழம்பெரும் வாகனம் என்று தனிப்பதிவு பெறலாம். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அகப்பட்ட வேறு எஞ்சினைப் பூட்டி ஒப்பேற்றுகிற பழைய உபாயம் இனி அங்கே செல்லாது.

ஆகையால் பாட்டனார் விட்டுப்போன ஹெரால்டைக் காயலான் கடைக்கு எடை போட நினைக்கும் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விலை பேசுமுன் ஒரு மெக்கானிக்கை அழைத்து, முன்சக்கரத் தண்டுகள் இரண்டையும் டிரன்னியன்களோடு சேர்த்தே கழற்றச் சொல்லுங்கள். ஸ்டியரிங் ராக்கையும் எடுத்து வையுங்கள். எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, வலம் எது, இடம் எது என்று சீட்டுக் கட்டிவிடுங்கள். தேடிவருகிறவர் இரும்பு விலையைப் போலப் பன்மடங்கு மகிழ்ச்சியோடு கொடுப்பார்.