வெயிஸ்ட்கோட்

சட்டைக்கு மேலும் கோட்டுக்கு உள்ளும் ஆண்கள் அணியும், கையில்லாத, முன்புறம் பொத்தான் வைத்த உடை வெயிஸ்ட்கோட். கோட்டும் கால்சட்டையும் இதுவும் சேர்ந்ததே மூன்று உருப்படி சூட்.

தோற்றம்

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1666 அக்டோபரில் 'வெஸ்ட்' என்ற புதிய உடையை அரசவையில் புகுத்தினார். சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் இதைப் பதிவு செய்துள்ளார். பாரசீக உடையை ஒத்த அது முழங்கால் வரை நீண்டிருந்தது. தொடக்ககால வெயிஸ்ட்கோட்டுகள் பலவற்றில் கையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கை மறைந்தது, நீளமும் குறைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் இடுப்போடு நின்றுவிட்டது.

தையல் முறை

முன்பக்கம் பட்டு, அதன்மேல் பூவேலை. முதுகுப் பக்கம் சாதாரண லினன் அல்லது பருத்தி. மேலே கோட்டு இருப்பதால் முதுகு வெளியே தெரியாது, எனவே அங்கே செலவு செய்வதில்லை. முதுகில் நாடா கோத்து இறுக்கவும் தளர்த்தவும் செய்வார்கள். பிற்காலத்தில் அந்த இடத்தில் பட்டையும் பக்கிளும் வந்தன.

விலை உயர்ந்தவற்றுக்குத் துணியை வெட்டுவதற்கு முன்பே பூவேலை முடிந்துவிடும். இரண்டு முன்பக்கங்கள், பைமூடிகள், பொத்தான்களைப் போர்த்தும் சிறு வட்டங்கள் எல்லாம் ஒரே துணியில் வடிவத்தோடு அமைந்திருக்கும். வாங்கியவர் தம் தையற்காரரிடம் கொடுத்து உடல் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்வார். கழுத்திலும் கையிலும் எம்பிராய்டரி செய்து, தைக்காமல் இன்று கடைகளில் விற்கும் ரவிக்கைத் துணியை நினைத்துக்கொண்டால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

சோழமண்டலக் கரைத் துணி

விருந்துக்கும் அரசவைக்கும் பட்டு. வீட்டில் ஓய்வாக இருக்கையில் பருத்தி. வீட்டில் அணியும் தளர்ந்த அங்கிக்கு ஆங்கிலேயர் 'பனியன்' என்று பெயரிட்டனர். வணிகரைக் குறிக்கும் இந்தியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் ஊரில் இப்போது உள்சட்டைக்குப் போய்விட்டது! அந்த அங்கிக்குப் பொருத்தமாக அதே துணியில் வெயிஸ்ட்கோட்டும் தைத்தனர். அதற்கு விரும்பப்பட்ட துணிகளில் ஒன்று சோழமண்டலக் கரையின் சாயச் சீட்டித் துணி.

ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே, ஏரியின் தென்கோடியில் உள்ள பழவேற்காடு அந்தத் துணி வணிகத்தின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. டச்சுக்காரர் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். இக்கரையின் சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. படிகாரம் ஏற்றிய இடத்தில் மட்டும் அது பற்றிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது. அன்றைய ஐரோப்பியச் சாயக்காரர்களுக்குப் பருத்தியில் இது கைவரவில்லை.

தடைச் சட்டங்கள்

கைவராததைச் சட்டத்தால் தடுத்தார்கள். சாயமிட்ட இந்தியத் துணியை இங்கிலாந்துக்குள் பயன்படுத்த 1700ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. ஆனால் வெள்ளைத் துணியாக இறக்கி அங்கேயே அச்சிட்டு விற்றனர். லண்டன் நெசவாளர்கள் 1719இல் கலகத்தில் இறங்கி, தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். 1721ஆம் ஆண்டுச் சட்டம் அணிவதையே குற்றமாக்கி 5 பவுன் அபராதம் விதித்தது. முழு நீலத் துணிக்கு விலக்கு இருந்தது. 1774இல் தடை தளர்ந்தபோது, அந்தச் சலுகை பிரிட்டனிலேயே தயாரான பருத்தித் துணிக்குத்தான் கிடைத்தது.