மானா கிரிப்ட்டுக்குத் தடை, சோல் ரிங்குக்கு அனுமதி: கணக்கு என்ன சொல்கிறது?

2024 செப்டம்பர் 23 அன்று, 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டின் கமாண்டர் வடிவத்தில் மானா கிரிப்ட் உட்பட 4 கார்டுகளுக்குத் தடை வந்தது. 100 டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். தடை விதித்த ரூல்ஸ் கமிட்டியின் உறுப்பினர்கள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரே வாரத்தில், விளையாட்டைத் தயாரிக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே அந்த வடிவத்தின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது.

ஒரு கார்டுக்கு இவ்வளவு ரகளையா?

மேஜிக்கில் எதைச் செய்யவும் மானா வேண்டும். மானா தருவது லேண்ட் கார்டு. ஒரு சுற்றுக்கு ஒரு லேண்ட்தான் இறக்கலாம் என்பது விதி. ஆக முதல் சுற்றில் 1 மானா, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3. மாதச் சம்பளம் மாதிரி, மெதுவாகத்தான் ஏறும். மானா கிரிப்ட் இந்த வரிசையை உடைக்கிறது. அதை இறக்கும் செலவு 0. ஒவ்வொரு சுற்றிலும் அது தருவது 2.

மூன்று சுற்றுகளின் கணக்கு

இந்த மாதிரி கார்டை மதிப்பிட ஒரு சுலபமான வழி, முதல் மூன்று சுற்றுகளில் செலவழிக்கக் கிடைக்கும் மானாவைக் கூட்டிப் பார்ப்பது. லேண்ட் மட்டும் இருந்தால் 1+2+3, மொத்தம் 6. முதல் சுற்றிலேயே மானா கிரிப்ட் வந்தால் 3+4+5, அதாவது 12. சரியாக இரு மடங்கு!

இதே வேலையைச் செய்யும் இன்னொரு கார்டு சோல் ரிங். 1993-ல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே இருக்கிறது. இறக்க 1 மானா ஆகும், ஆனால் அதே சுற்றிலேயே 2 தந்துவிடும். அதன் கணக்கு 2+4+5, மொத்தம் 11. தடை செய்யப்பட்ட கார்டுக்கும் அனுமதிக்கப்பட்ட கார்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மானாதான்.

சரி, மானா கிரிப்ட்டுக்கு ஒரு தண்டனை உண்டே? உண்டு. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் காசு சுண்ட வேண்டும். தோற்றால் 3 உயிர்ப்புள்ளி போகும். சராசரியாகச் சுற்றுக்கு 1.5 என்றால், 8 சுற்றில் 12. வழக்கமான ஆட்டத்தில் 20 புள்ளிகள்தான் என்பதால் அது பெரிய அடி. கமாண்டரில் தொடக்கமே 40. அங்கே இந்தத் தண்டனை பெயருக்குத்தான்.

இரண்டு கார்டுக்கும் பொதுவான குறைகளும் உண்டு. தருவது நிறமற்ற மானா. சிவப்பு, நீலம் என்று குறிப்பிட்ட நிறம் கேட்கும் செலவுக்கு அது உதவாது. பத்தாவது சுற்றில் கைக்கு வந்தால், கிட்டத்தட்ட வெற்றுக் கார்டு. அதனால்தான் 'எவ்வளவு தருகிறது' என்பதோடு 'எப்போது கைக்கு வருகிறது' என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சோல் ரிங் ஏன் தப்பித்தது?

கமிட்டி சொன்ன காரணம் கணக்கு சார்ந்ததே இல்லை. சோல் ரிங் கமாண்டரின் அடையாளம் என்பதுதான் அவர்கள் வாதம். 2011 முதல் கடையில் விற்கும் ஆயத்த கமாண்டர் டெக்குகளில் அது வழக்கமாக இருக்கும். புதிதாக வருபவரிடமும் இருக்கும், மலிவும்கூட.

எனக்கு இது அரைகுறைப் பதிலாகவே படுகிறது. நிகழ்தகவில் இதைவிட வலுவான காரணம் இருக்கிறது.

கமாண்டர் டெக்கில், தளபதியைத் தவிர 99 கார்டுகள். லேண்ட் கார்டுகளில் சிலவற்றைத் தவிர, பொதுவாக எதையும் ஒரு பிரதிக்கு மேல் வைக்க முடியாது. தொடக்கக் கையின் 7 கார்டுகளில் சோல் ரிங் இருக்க வாய்ப்பு சுமார் 7%. நான்கு பேரும் அதை வைத்திருந்தால், யாராவது ஒருவர் கையில் இருக்க வாய்ப்பு 25%. எல்லோரும் மானா கிரிப்ட்டையும் சேர்த்துக்கொண்டால், இரண்டில் ஒன்றாவது ஒருவர் கையில் இருக்க வாய்ப்பு சுமார் 45%. நான்கில் ஒரு ஆட்டம் என்பது, கிட்டத்தட்ட இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால், ஒரு லேண்டோடு முதல் சுற்றிலேயே 4 மானா. மற்ற மூவரும் அதை நான்காவது சுற்றில்தான் பார்ப்பார்கள்.

2025-ல் விசார்ட்ஸ் நிறுவனம் டெக்குகளின் பலத்தை 5 படிகளாகப் பிரித்து, ஆட்டத்தையே மாற்றும் கார்டுகள் என்று ஒரு பட்டியலும் வெளியிட்டது. சோல் ரிங் அதிலும் இல்லை.