கண்ணாடியின் மேல் பிறக்கும் தரை

புது வீடு கட்டுகிறவர்கள் உள்ளலங்காரத்துக்கு யோசனை தேடும்போது சுவர் வண்ணம், விளக்கு, அலமாரி என்றுதான் படங்களைச் சேர்க்கிறார்கள். தரையைப் பற்றிய முடிவு கடைசியில் டைல்ஸ் கடையில் அவசரமாக எடுக்கப்படுகிறது. முதலில் தீர்மானிக்க வேண்டியது தரையைத்தான் என்பேன். பெயின்ட் பிடிக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம். போட்ட தரையைப் பெயர்த்தெடுக்க எந்தக் குடும்பமும் எளிதில் துணியாது.

தரைக்கு யோசனை வேண்டுமானால் காரைக்குடிப் பக்கம் ஒரு முறை போய்வாருங்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சிலவற்றைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். சில இப்போது தங்கும் விடுதிகளாக இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்களையும் இத்தாலியப் பளிங்கையும் பார்த்து முடித்ததும், செருப்பைக் கழற்றிவிட்டுப் பூ வேலைப்பாடுள்ள தரையில் நடந்து பாருங்கள். தேக்கும் பளிங்கும் கப்பலில் வந்தவை. அந்தப் பூக்கற்கள் பக்கத்திலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்பட்டவை. இன்றும் அங்கே செய்கிறார்கள்.

செய்முறை தலைகீழானது, கல்லின் முகம்தான் முதலில் உருவாகிறது. சதுரமான கண்ணாடித் தகட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். உள்ளே பூவடிவில் வளைத்த தகட்டு அச்சு இறங்குகிறது. சிமென்ட்டோடு ஆக்சைடு நிறப்பொடி கலந்த கூழை, அச்சின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறமாகக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். வெளிர் நிறங்களுக்கு வெள்ளைச் சிமென்ட். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலந்துவிடாது. கைதேர்ந்தவர்கள் அச்சே இல்லாமல், கையோட்டத்திலேயே பூ வரைந்துவிடுவதும் உண்டு.

உடனே அதன் மேல் சிமென்ட்டும் மணலும் கலந்த உலர்பொடியைத் தூவுகிறார்கள். கூழில் மிஞ்சிய நீரை இந்தப் பொடி உறிஞ்சிக்கொள்வதால் நிறம் ஓடாமல் நிலைக்கிறது. அதன் மேல் ஈரச் சாந்தை நிரப்பி, அழுத்தி, மட்டம் செய்தால் கல் தயார். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் கிடந்து இறுகிய பின் கண்ணாடி தனியே கழன்றுவிடும். சூளையும் இல்லை, பாலிஷ் இயந்திரமும் இல்லை. கண்ணாடியை ஒட்டி இறுகிய சிமென்ட் அதன் வழவழப்பையே படியெடுத்துக்கொள்கிறது. அந்த மினுமினுப்பு வந்த வழி இதுதான்.

அச்சிட்ட டைல்ஸில் படம் மேற்பரப்பில் மெல்லிய படலமாக இருக்கும். இங்கே நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருப்பதால், தலைமுறைகள் நடந்தாலும் பூ அழிவதில்லை. கால் படப்பட மெருகும் கூடுகிறது.

ஆனால் சிமென்ட்டுக்கு ஆசிட் ஆகாது, மேற்பரப்பையே அரித்துவிடும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தினால்கூட உடனே துடைக்க வேண்டும். பழைய வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தால் நுண்துளைகள் அடைபட்டுக் கறை ஏறாது. எண்ணெயும் புளியும் தினமும் தெறிக்கும் சமையலறைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கூடம், பூஜையறை, முகப்பு ஆகியவையே இதற்கு ஏற்ற இடங்கள்.

எல்லா அறையிலும் பூவை நிறைத்தால் கண் களைத்துப்போகும். ஓர் அறைக்குப் பூ, அதைச் சுற்றிப் பார்டர், மற்ற இடங்களில் ஒற்றை நிறம் என்று வைத்தாலே போதும். அப்போது சுவருக்கு வெறும் வெள்ளை பொருந்தும். கட்டம் போட்ட தாளில் முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள். 10 அங்குலக் கல்லை எடுத்துக்கொண்டால், 10 அடிக்கு 12 அடி அறையின் அகலத்தில் 12 கற்கள் சரியாக அமரும். நீளத்தில் 14 கற்கள் போக 4 அங்குலம் மிஞ்சும். இதைத் தாளிலேயே கவனித்தால், இரு ஓரத்திலும் 2 அங்குல ஒற்றை நிறப் பட்டையாகப் பிரித்துவிடலாம். கவனிக்காவிட்டால் ஓரத்துப் பூவெல்லாம் வெட்டுப்படும்.

கையால் செய்வதால் கல்லுக்குக் கல் நிறம் சற்றே மாறும். அதுதான் இந்தத் தரையின் அழகு. பின்னாளில் உடைந்த கல்லை மாற்ற அதே நிறம் கிடைப்பது கடினம் என்பதால், ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள்.