மலை ஜீப்புக்கு பம்பர் மாட்டப் போகிறீர்களா?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையோடு பழனிச் சாலை வந்து சேருகிற இடம் பெருமாள்மலை. இங்கிருந்து கொடைக்கானல் சுமார் 12 கிலோமீட்டர். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் காப்பி, பட்டர் ஃப்ரூட், மலைவாழை எல்லாம் மண் பாதையைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வருவது பெரும்பாலும் ஜீப்பிலும் பிக்கப்பிலும்தான். மலைக்காடுகளில் ஓடும் பழைய ஜீப்புகளில் பல, கம்பெனியிலிருந்து இறங்கிய கோலத்தில் இருப்பதில்லை. தகடு மாற்றி, கீல் மாற்றி, பின்கதவை நீட்டி, முன்னால் ஒரு கனத்த பம்பரையும் மாட்டி வைத்திருப்பார்கள். என்ஜினும் சேஸும் கம்பெனியுடையவை, மற்றவை பட்டறையுடையவை.

ஜீப்புக்கு இது புதிதல்ல. 1945-இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், அந்தப் பத்தாண்டின் இறுதியில் அமெரிக்க வில்லீஸ் ஜீப்புகளை உதிரி பாகங்களாகக் கப்பலில் இறக்கி, பம்பாயில் பூட்டித்தான் விற்கத் தொடங்கியது. ஏணி போன்ற சேஸ், அதன்மேல் ரப்பர் வைத்து உட்கார வைத்த தகட்டுப் பாடி, சேஸின் இரு முனைகளிலும் போல்ட் போட்ட பம்பர் என்று எதையும் கழற்றி மாட்டும்படியான அமைப்பு அது. ஹரியானாவின் மண்டி டப்வாலி ஊர், பழைய உதிரிகளைக் கொண்டு ஜீப்புகளைப் புதிதாகக் கட்டுவதற்கே பேர் போனது.

ஆனால் கட்ட முடிகிறது என்பதற்காக ஓட்ட முடியும் என்று ஆகிவிடாது. வட மாநிலங்களில் பம்ப்செட் என்ஜினை வைத்துக் கட்டும் 'ஜுகாட்' வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, பதிவு இல்லாமல் அவற்றைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. பதிவான வண்டிக்கும் எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பாடியின் அளவை மாற்றுவதாக இருந்தால், பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவதே முறை. விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இந்த மாற்றங்களைத்தான்.

பம்பர் வேறு, கிராஷ் கார்டு வேறு

பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாயில் வளைத்து மாட்டும் 'கிராஷ் கார்டு' பலருக்கும் வண்டியின் மீசை மாதிரி. இது 52-ஆம் பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. காரணம் எளிது. மோதும்போது முன்பகுதி மடங்கினால்தான் அடியின் வேகம் குறையும். மடங்காத குழாய் முழு அடியையும் சேஸுக்கும் உள்ளே இருப்பவருக்கும் கடத்திவிடும். ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது விரியும் நேரமும் தவறலாம். சாலையோரம் நடந்து போகிறவருக்கு நேரும் கதியைச் சொல்லவே வேண்டாம். பழைய ஜீப்பில் கம்பெனியே கொடுத்த இரும்பு பம்பர் இந்தக் கணக்கில் வராது. அது துருப்பிடித்துப் போனால் அதே அளவில், அதே துளைகளில் மாற்று பம்பர் மாட்டலாம்.

அதே அளவில் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். 100 மி.மீ. சி-சேனல் இரும்பு மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ. ஒன்றரை மீட்டர் பம்பரே 14 கிலோ ஆகிறது. அதன்மேல் குழாய், தகடு, கூடுதல் விளக்கு என்று ஏற்றினால் 40 கிலோ தாண்டிவிடும். அவ்வளவும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிற எடை. முன் பட்டை ஸ்பிரிங் தொய்யும், ஹெட்லைட் வெளிச்சம் தரையைப் பார்க்கும், கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் கனக்கும். தகடு ரேடியேட்டரை மறைத்தால், சுமையோடு மலையேறும்போது தண்ணீர் கொதிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். தாழ்வாக மாட்டிய பம்பர் தோட்டப் பாதையின் மேட்டில் முதலில் இடிக்கும்.

வெல்டிங் வேண்டாம், போல்ட் போதும்

பட்டறையில் எளிதான வழி, பம்பரைச் சேஸோடு வெல்டிங் வைத்துவிடுவது. அதுதான் மோசமான வழியும். வெல்டிங் சூட்டில் சேஸ் இரும்பின் உறுதி அந்த இடத்தில் குறைகிறது. மலைச்சாலையின் ஓயாத அதிர்வில், பற்றவைத்த விளிம்பிலிருந்தே விரிசல் தொடங்கும். பம்பர் அடிபட்டு வளைந்தாலும் கழற்ற முடியாது. சேஸையே அறுக்க வேண்டி வரும்.

சேஸில் கம்பெனி போட்ட துளைகளையே பயன்படுத்துங்கள். புதுத் துளை தவிர்க்க முடியாது என்றால், சேஸின் செங்குத்தான பக்கச் சுவரில் மட்டும் போட வேண்டும். மேல், கீழ் மடிப்புகளில்தான் வளைவுச் சுமை அதிகம் விழுகிறது. அங்கே துளை போடவே கூடாது. டிரில் வைக்குமுன் மறுபக்கம் கையை விட்டுப் பாருங்கள். பிரேக் குழாயும் டீசல் குழாயும் வயர்களும் சேஸை ஒட்டியே ஓடுகின்றன. வேறு எந்த வேலைக்காக வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

போல்ட்டின் தலையில் '8.8' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றுமே அச்சிடாத போல்ட் கதவுக்கு ஆகும், பம்பருக்கு ஆகாது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் கோத்து, இரு பக்கமும் தரையிலிருந்து அளந்து மட்டம் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் துளை சேராது. பிறகு சுத்தியலால் அடித்துச் சேர்ப்பார்கள். 12 மி.மீ. போல்ட்டுக்கு, ஓரடி நீள ஸ்பானரின் நுனியில் சுமார் 25 கிலோ எடையளவு அழுத்தம் போதும். பைப் சொருகி ஏறி மிதித்தால் மரை போய்விடும். ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பாமல், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் போடுங்கள். ஒருமுறை கழற்றிய நைலான் நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இழுவைக் கொக்கி பம்பர் தகட்டில் இருக்கக் கூடாது, சேஸில்தான் இருக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கிய வண்டியை இழுக்கும்போது பம்பர் மட்டும் பிய்ந்து வந்தால், அது இழுக்கும் வண்டிக்காரர் மேல் பாயும்.

கீலும் கொண்டியும்

சின்ன சாமான் என்று இவற்றை விட்டுவிடுகிறோம். ஜீப் பானெட்டின் இருபக்கக் கொக்கிகளில் ஸ்பிரிங் தளர்ந்தால், இறக்கத்தில் எதிர்க்காற்று பானெட்டைத் தூக்கிக் கண்ணாடியில் அறையும். கீலை வெறும் தகட்டில் போல்ட் போட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் துளை நீள்வட்டமாகிவிடும். தகட்டின் உள்பக்கம் 3 மி.மீ. பட்டை ஒன்றை வைத்து, அதோடு சேர்த்து முடுக்க வேண்டும்.

பின்கதவுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. வண்டி ஏறும்போது உள்ளே இருக்கும் மூட்டையும் கிரேட்டும் பின்கதவில்தான் சாய்கின்றன. இரண்டு கொண்டி, இரண்டு சங்கிலி, கொண்டி தானாக விலகாதபடி குறுக்கே ஒரு பின் என்று மூன்றும் வேண்டும். சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூப்பைப் போர்த்தினால் சத்தமும் இல்லை, பெயின்ட்டும் போகாது. கதவைத் திறந்து போட்டு அதன்மேல் சுமையை நீட்டுவது வேண்டாம். சுமை பாடிக்கு வெளியே நீண்டால் அபராதம் ரூ.20,000, இறக்கும் கூலி தனி.

பின் பம்பரில் படி வைப்பது ஏறி இறங்க வசதிதான். ஆனால் படி இருந்தால் அறுவடை நாளில் அதில் இரண்டு பேர் தொற்றிக்கொள்வார்கள். மடக்கும் படியாக வைத்து, வண்டி கிளம்புமுன் மடக்கிவிடுங்கள்.

மலையில் பனியும் சாரலும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. போட்ட ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் ரெட் ஆக்சைடு பூசிய பிறகே போல்ட் நுழைய வேண்டும். அலுமினியத் தகடு இரும்பைத் தொடும் இடத்தில் ரப்பர் வையுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். புது பம்பர் நம்பர் பிளேட்டையோ பின் விளக்கையோ மறைக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்டினால், பனிமூட்டத்தில் பின்னால் வரும் பஸ்காரருக்கு வண்டி தெரியும்.

புதிதாக மாட்டியதெல்லாம் முதல் வாரத்தில் கொஞ்சம் தளரும். சந்தைக்கு இரண்டு மூன்று நடை போய் வந்ததும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை முடுக்கிவிட்டு, நட்டிலிருந்து சேஸ் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அந்தக் கோடு விலகியிருந்தால் நட்டு கழன்று வருகிறது என்று டிரைவருக்குத் தெரிந்துவிடும்.